மைக்ரோஸ்டிரிப் ஃபில்டர்: சுருக்கத்துக்கு எது அளவுகோல்?

டிரான்சிஸ்டர் ஆண்டுக்காண்டு சிறுத்துக்கொண்டே போகலாம். ஃபில்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் நீளத்தை விதிப்பது அலைநீளம். 2.4 கிகாஹெர்ட்ஸில் வெட்டவெளி அலைநீளம் 125 மி.மீ. 1.6 மி.மீ. தடிமனுள்ள எஃப்ஆர்-4 பலகையில் 50 ஓம் கோடாக அச்சிட்டால் அது ஏறக்குறைய 69 மி.மீ. ஆகக் குறையும், அப்போதும் அரை அலைநீள ரெசனேட்டர் ஒன்றுக்கே 34 மி.மீ. வேண்டும். மூன்று நான்கை வரிசையாக நிறுத்தினால் பலகை நிரம்பிவிடும். ஆகவே இத்துறை பரப்பளவைக் குறைப்பதிலேயே குறியாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் பரப்பளவு ஒன்றையே தகுதியாக எண்ணி மெச்சும் பழக்கம் சரியல்ல. குறித்த வேலையை எத்தனை ரெசனேட்டர்கள், எவ்வளவு இழப்பில் முடிக்கின்றன என்பதே சுருக்கத்தின் மெய்யான அளவுகோல்.

மைக்ரோஸ்டிரிப் என்னும் கோட்டை 1952-இல் கிரீக்கும் எங்கல்மனும் அறிமுகம் செய்தார்கள். இணைகோட்டு ஃபில்டருக்கான கணக்கை 1958-இல் கோன் வகுத்தார். 1964-இல் மத்தேய், யங், ஜோன்ஸ் மூவரும் எழுதிய பெருநூல் இந்த முதல் பள்ளியின் இலக்கணமாகவே நிலைத்தது. அவர்களுக்குக் கணக்கின் துல்லியமே முதன்மை, இடம் அப்புறம்தான். அடுத்து வந்தவர்கள் மடித்தார்கள். 1972-இல் கிரிஸ்டலும் ஃபிராங்கெலும் ரெசனேட்டரைக் கொண்டை ஊசிபோல் வளைத்து நீளத்தைப் பாதியாக்கினர். 1980-இல் மக்கிமோட்டோவும் யமஷிட்டாவும் கோட்டின் அகலத்தையே மாற்றினர்: இரு முனைகளும் அகலம், நடுப்பகுதி ஒல்லி. இதனால் ரெசனேட்டர் குட்டையாகும். வேண்டாத இரண்டாம் அதிர்வும் இருமடங்கு அதிர்வெண்ணைத் தாண்டி விலகிப் போகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்தான். ஆனால் ஒல்லியான கோட்டில் மின்னோட்டம் நெருக்கியடித்து ஓடுவதால் செம்பிலேயே கூடுதல் சக்தி வீணாகிறது.

இழப்பைக் கணக்கிடக் கோன் தந்த தோராயச் சூத்திரம் எளிமையானது: முன்மாதிரி ஃபில்டரின் உறுப்பு மதிப்புகளைக் கூட்டி 4.343-ஆல் பெருக்கி, அதைப் பட்டையின் சார்பு அகலமும் ரெசனேட்டரின் க்யூ மதிப்பும் சேர்ந்த பெருக்கத்தால் வகுக்க வேண்டும். 0.1 டெசிபல் சிற்றலையுள்ள மூன்றாம் படி செபிஷேவ் ஃபில்டருக்கு உறுப்புகளின் கூட்டுத்தொகை 3.21. பட்டை 5 சதவீதம் என்று கொள்வோம். எஃப்ஆர்-4 பலகையின் இழப்புக் காரணி சுமார் 0.02, எனவே அதில் க்யூ 50-ஐ ஒட்டியே நிற்கும். விடை 5.6 டெசிபல்: உள்ளே போன சக்தியில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வெளியே வரும். க்யூ 200 கிடைக்கும் நல்ல பலகையில் அதே ஃபில்டர் 1.4 டெசிபலோடு தப்பிக்கும். பரப்பளவை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரண்டுக்கும் வேறுபாடே தெரியாது.

பலகையை மாற்றினால் போயிற்று, வடிவம்தானே ஆராய்ச்சி என்று சொல்வார்கள். பாதி நியாயம். நல்ல பலகை காப்புப்பொருளின் இழப்பைக் குறைக்கும். நெருக்கி மடித்த ஒல்லிக் கோட்டின் செம்பு இழப்பு கூடவே வரும். ஏற்பியில் குறை இரைச்சல் பெருக்கிக்குப் பின்னால் வைத்தால் சில டெசிபல் போனாலும் குடிமுழுகிவிடாதே என்பது இதைவிட வலுவான வாதம். அந்த இடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியதே. ஆனால் அதே ஃபில்டரை ஆன்டெனாவுக்கும் பெருக்கிக்கும் நடுவே வைத்தால், இழக்கும் ஒவ்வொரு டெசிபலும் இரைச்சல் எண்ணில் அப்படியே ஏறும். எந்த இடத்துக்கு என்று சொல்லாமல் சிறியது என்று மட்டும் சொல்வது பாதிச் செய்திதான்.

இந்த நோக்கில் பர்மிங்காமின் ஹாங், லான்காஸ்டர் இருவரும் 1996-இல் காட்டிய வழியையே மேலானதாகக் கருதுகிறேன். ஒரு பக்கம் சிறு இடைவெளி விட்ட சதுர வளையமே அவர்களின் ரெசனேட்டர். இடைவெளியருகே மின்புலம் வலுக்கும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் காந்தப்புலம் வலுக்கும். இரண்டு வளையங்களை இடைவெளிகள் முகம்பார்க்க வைத்தால் மின்பிணைப்பு. திருப்பி முதுகோடு முதுகாக வைத்தால் காந்தப்பிணைப்பு. இவற்றின் குறிகள் எதிரெதிர். நான்கு வளையங்களைச் சதுரமாக அடுக்கி, முதலாவதையும் நான்காவதையும் எதிர்க்குறியில் பிணைத்தால் பட்டையின் இருபுறமும் சிக்னலை அறவே தடுக்கும் பூச்சியங்கள் பிறக்கின்றன. பட்டையை ஒட்டியே தடுப்பு வேண்டுமானால் சாதாரண ஃபில்டரில் கூடுதல் ரெசனேட்டர் சேர்க்க நேரும். இங்கே நான்கே போதும், இழப்பும் அந்த அளவுக்குக் குறையும். இலவசம் அல்ல: பூச்சியத்தைத் தாண்டியபின் தடுப்பு மீண்டும் தளர்ந்து மேடு தட்டும். தொலைவிலுள்ள அலைகளைத்தான் தடுக்க வேண்டுமென்றால் கோனின் பழைய வரிசையே தேவலை.

தரைத்தளச் செம்பில் டம்பெல் வடிவில் பள்ளம் அரித்து அலையை மெதுவாக்கும் வழியும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பரவியிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஃபில்டர் கச்சிதமாகத் தெரியும். ஆனால் அந்தப் பலகையை உலோகப் பெட்டியின் தரையில் ஒட்டப் பதிக்க முடியாது. அரித்த இடத்துக்குக் கீழே குழி வெட்ட வேண்டும். அந்தக் குழியின் ஆழம் ஒப்பீட்டு அட்டவணைகளில் ஏறுவது அரிது.