எரியும் மேடையும் மாட்டப்படாத வால்வும்

வியாபாரம் மந்தமாகும்போதெல்லாம் ஐடி கம்பெனிகளின் டவுன்ஹால் கூட்டங்களில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். நடுக்கடலில் தீப்பிடித்து எரியும் எண்ணெய்க் கிணற்று மேடை. அதன் கீழே ‘பர்னிங் பிளாட்ஃபார்ம்’ என்று கொட்டை எழுத்து. விளக்கமும் எப்போதும் ஒன்றுதான்: நாம் நிற்கிற மேடை எரிகிறது. நின்றால் சாவு நிச்சயம், குதித்தால் பிழைக்க ஒரு வாய்ப்பு இருக்கு. அதனால குதிங்க. அடுத்த ஸ்லைடில் புது ஆர்க் சார்ட் வரும். அதற்கு அடுத்த வாரம் ஹெச்ஆரிடமிருந்து மெயில் வரும்.

இந்த உவமையை நிர்வாக உலகம் முப்பது வருடமாகத் திருப்பித் திருப்பிச் சொல்கிறது. அது ஒரு உண்மைச் சம்பவத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்தச் சம்பவத்தை முழுசாகப் படித்தால், உவமை சொல்கிற பாடமும் சம்பவம் சொல்கிற பாடமும் கிட்டத்தட்ட எதிரெதிர் என்பது என் கட்சி. பொருளாதாரம் தள்ளாடும் காலத்தில் நிறுவனங்களை மாற்றுகிறவர்கள் குதிப்பவனின் தைரியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். சம்பவம் பேசுவதோ ஷிஃப்ட் மாறும்போது கை மாறாமல் போன ஒரு காகிதத்தைப் பற்றி.

உவமை பிறந்த இடம்

1988 ஜூலை 6. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 190 கி.மீ. தொலைவில், வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா என்ற மேடை வெடித்து எரிந்தது. அன்று இரவு மேடையில் 226 பேர். 165 பேர் இறந்தார்கள், காப்பாற்றப் போன படகிலிருந்தும் இருவர் இறந்தார்கள். மொத்தம் 167. பிழைத்தவர்கள் 61 பேர்.

பிழைத்தவர்களில் ஒருவர் ஆண்டி மோக்கன். எரியும் எண்ணெய் மிதக்கிற கடலில் மிக உயரத்திலிருந்து குதித்தவர். அவருடைய டிவி பேட்டியைப் பார்த்த அமெரிக்க நிர்வாக ஆலோசகர் டேரில் கானர், பெரிய மாற்றத்துக்கு மனிதர்கள் எப்போது தயாராகிறார்கள் என்பதை விளக்க அதை எடுத்துக்கொண்டார். இருக்கிற இடத்தில் இருப்பதற்கான விலை, போவதற்கான விலையைவிட அதிகமாகும்போதுதான் மனிதன் நகர்வான். இதுதான் அவர் சொன்னதன் சாரம். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

1995-96இல் ஜான் காட்டர், மாற்றத்துக்கு எட்டுப் படிகள் என்று எழுதினார். அதில் முதல் படி அவசர உணர்வை உண்டாக்குவது. இரண்டும் சேர்ந்து எளிமையான ஒரு ஃபார்முலா ஆகிவிட்டது: ஆட்களை நகர்த்தணுமா, முதலில் தீயைக் காட்டு.

அன்று இரவு நடந்தது

அன்று பகலில், வாயு அமுக்கத்தில் கிடைக்கும் திரவத்தை அனுப்புகிற இரண்டு பம்புகளில் ஒன்றின் சேஃப்டி வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். வேலை மாலை 6 மணிக்குள் முடியவில்லை. குழாயின் திறந்த வாயை ஒரு தகட்டால் மூடினார்கள், அதுவும் இறுக்கமாக இல்லை. அந்தப் பம்பை ஓட்டக்கூடாது என்பதற்கான பெர்மிட், கட்டுப்பாட்டு அறைக்குப் போனது. ஆனால் இரவு ஷிஃப்டுக்கு வந்தவர்களிடம் விஷயம் போய்ச் சேரவில்லை.

இரவு 9.45 வாக்கில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பம்பு நின்றுபோனது. திரும்ப ஓடவில்லை. பம்பு இல்லையென்றால் சிறிது நேரத்தில் மின்சாரமே போய்விடும். பெர்மிட்டுகளைப் புரட்டியவர்களுக்கு முதல் பம்பின் வேறொரு பராமரிப்பு வேலைக்கான சீட்டு கிடைத்தது. அந்த வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. வால்வுக்கான சீட்டு கண்ணில் படவில்லை. வால்வு இருந்த இடமும் பம்புக்கு மேலே, பார்வைக்கு எட்டாத உயரத்தில். பம்பை ஓட்டினார்கள். 10 மணிக்கு முதல் வெடிப்பு.

இந்த மேடை முதலில் கச்சா எண்ணெய்க்காகக் கட்டப்பட்டது. பிறகுதான் வாயுவுக்கும் மாற்றினார்கள். தடுப்புச் சுவர்கள் தீயைத் தாங்கும், வெடிப்பைத் தாங்காது. அந்த வாரங்களில் மேடையில் பெரிய கட்டுமான வேலையும் நடந்துகொண்டிருந்தது. அதற்காக உற்பத்தியை நிறுத்தவில்லை. 1986இல் கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்து, வட கடல் தொழிலே கையைக் கட்டிக்கொண்டு செலவு செய்த காலம் அது. விலைச் சரிவுதான் விபத்துக்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனா ஓடுகிற மேடையிலேயே மராமத்து, கட்டுமானம், உற்பத்தி மூன்றையும் ஒன்றாக நடத்துவது எப்படிப்பட்ட காலத்தின் பழக்கம் என்று நமக்குத் தெரியும். புரொடக்‌ஷனை நிறுத்தாமல் மைக்ரேஷன் செய்யச் சொல்கிற ப்ராஜெக்ட் ஒவ்வொன்றும் இதே ஜாதிதான்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். தீயணைப்புப் பம்புகள் தானாக ஓடாது. தண்ணீருக்குள் டைவர்கள் வேலை செய்ததால் அவற்றைக் கையால் இயக்கும் நிலையில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த டார்ட்டன், கிளேமோர் மேடைகள், பைப்பர் எரிவது தெரிந்தும் குழாய்களில் எண்ணெயையும் வாயுவையும் தள்ளுவதை உடனே நிறுத்தவில்லை. உற்பத்தியை நிறுத்துவது பெரிய முடிவு, அதைத் தன் பொறுப்பில் எடுக்க அங்கே இருந்தவர்கள் தயங்கினார்கள். 20 நிமிடம் கழித்து டார்ட்டனிலிருந்து வந்த வாயுக் குழாய் வெடித்தது.

மேடையில் இருந்தவர்களில் பெரும்பாலோர், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி தங்கும் பகுதியில் கூடி உத்தரவுக்குக் காத்திருந்தார்கள். வெளியேறச் சொல்லி முறையான உத்தரவு வரவே இல்லை. இறந்தவர்களில் பெரும்பகுதியினர் அங்கேதான், புகையால் இறந்தார்கள். குதித்தவர்கள் சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள்.

இதை ஒரு தடவை நிதானமாக யோசிச்சுப் பாருங்க. தலைமை சொல்லித் தொழிலாளி குதித்த கதையாக ஸ்லைடில் வருகிறது. நடந்ததோ, தலைமையின் வார்த்தைக்குக் காத்திருந்தவர்கள் செத்த கதை.

நோக்கியா

இந்த உவமையின் மிகப் பிரபலமான பயன்பாடு 2011 பிப்ரவரியில் வந்தது. நோக்கியாவின் தலைமைப் பொறுப்புக்கு 2010 செப்டம்பரில் வந்த ஸ்டீஃபன் ஈலாப், ஊழியர்களுக்கு எழுதிய மெமோவில் எண்ணெய் மேடையின் விளிம்பில் நிற்கும் மனிதனின் கதையைச் சொல்லி, நாமும் அப்படித்தான் நிற்கிறோம் என்றார். மெமோ உடனே வெளியே கசிந்தது. பிப்ரவரி 11 அன்று, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோனுக்கு மாறப்போவதாக நோக்கியா அறிவித்தது.

நியாயமாகச் சொல்லணும்னா, மெமோவின் நோயறிதல் பெரும்பாலும் சரி. மேல்தட்டில் ஐஃபோன், நடுவில் ஆண்ட்ராய்டு, கீழே மீடியாடெக் சிப்பை வைத்து ஷென்ஜெனில் செய்த மலிவு ஃபோன்கள் என்று மூன்று பக்கமும் தீ என்பதை அவர் மறைக்கவில்லை. உள்ளே இருந்த யாருக்கும் இது பொய்யென்று தோன்றியிருக்காது.

கோளாறு வேறு இடத்தில். எரிகிறது என்று சொன்ன அதே சிம்பியன் மேடையில் இன்னும் 15 கோடி ஃபோன்களை விற்கப்போவதாகவும் நிறுவனம் சொன்னது. புது மேடையின் முதல் ஃபோனான லூமியா 800 அக்டோபர் கடைசியில்தான் அறிவிக்கப்பட்டது. நடுவில் எட்டு மாதம். கடைக்காரரும் வாடிக்கையாளரும் அதே மெமோவைத்தான் பேப்பரில் படித்தார்கள். முதலில் குதித்தவர்கள் அவர்கள்தான். 2010இன் கடைசிக் காலாண்டில் நோக்கியா விற்ற ஸ்மார்ட்ஃபோன்கள் 2 கோடியே 83 லட்சம். 2011இன் இரண்டாம் காலாண்டில் 1 கோடியே 67 லட்சம். ஒட்டுமொத்த ஸ்மார்ட்ஃபோன் சந்தை வளர்ந்துகொண்டிருந்த சமயத்தில் நடந்த சரிவு இது.

மெமோ இல்லாவிட்டாலும் சிம்பியன் தேய்ந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தேய்கிற வேகம் முக்கியம். புதுசு வரும் வரைக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியது பழைய வண்டிதான். ப்ராஜெக்ட் நடத்தும் எவருக்கும் தெரிந்த சாதாரண விதி: புது சிஸ்டம் லைவ் ஆகும்வரை பழையதை அணைக்காதே.

அடுத்தது பயம். டிமோ வூரி, க்வை ஹுய் என்ற இரு ஆய்வாளர்கள், நோக்கியா ஸ்மார்ட்ஃபோன் போட்டியில் எப்படித் தோற்றது என்று 76 பேட்டிகள் எடுத்து 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஈலாப் வருவதற்கு முந்தைய வருடங்களைப் பற்றியது. மேல்மட்டம் போட்டியாளர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் பயந்தது. நடு மேலாளர்கள் மேல்மட்டத்துக்குப் பயந்தார்கள். கெட்ட செய்தி மேலே போகும்போதெல்லாம் பாலிஷ் போடப்பட்டு நல்ல செய்தியானது. மேலே இருந்தவர்கள் அதை நம்பி இன்னும் அழுத்தினார்கள். அதாவது கழற்றிய வால்வைப் பற்றிய சீட்டு நோக்கியாவிலும் போய்ச் சேர வேண்டியவரிடம் போய்ச் சேரவில்லை. நோயே பயம்தான். மருந்து என்று கொடுக்கப்பட்டது இன்னொரு டோஸ் பயம்.

யார் குதித்தார்கள்?

நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு: எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். தீ என்று யாராவது சொன்னதும் யாருக்கு லாபம் என்று கேட்கிற பழமொழி. பர்னிங் பிளாட்ஃபார்ம் ஸ்லைடில் அந்தக் கேள்விக்கு இடமே கிடையாது.

2013 செப்டம்பரில் நோக்கியா தன் ஃபோன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. காப்புரிமை உரிமங்களையும் சேர்த்து 544 கோடி யூரோ. ஒப்பந்தப்படி ஈலாபுக்குக் கிடைக்கும் என்று அப்போது சொல்லப்பட்ட தொகை 1 கோடியே 88 லட்சம் யூரோ. பின்லாந்தில் அது பெரிய கோபத்தைக் கிளப்பியது. அதற்கு முந்தைய வருடம்தான் பத்தாயிரம் பேரை நீக்கப்போவதாக அறிவித்து, சாலோ நகரத் தொழிற்சாலையை மூடியிருந்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் கதை நமக்குத் தெரியும். 2006இல் தொடங்கிய ஆலை. உச்சத்தில் சுமார் 8,000 நேரடித் தொழிலாளர்கள், அதில் நிறையப் பேர் சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்து பஸ்ஸில் வந்துபோன இளம் பெண்கள். ஃபோனில் ஏற்றும் மென்பொருளுக்காகப் பின்லாந்து தாய்க் கம்பெனிக்குக் கட்டிய பணத்துக்கு வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித்துறையோடு வழக்கு. சொத்துகள் முடக்கப்பட்டதால் ஆலையை மைக்ரோசாஃப்டுக்கு மாற்ற முடியவில்லை. மைக்ரோசாஃப்டுக்காக ஒப்பந்தத்தில் ஃபோன் செய்தது கொஞ்ச நாள். 2014இல் சுமார் ஐயாயிரம் பேர் விஆர்எஸ் வாங்கினார்கள். நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

இதற்கு மெமோவைக் குற்றம் சொல்வது அநியாயம். வரி வழக்கு உண்டு, சந்தையும் உண்டு. என் கேள்வி உவமையைப் பற்றியது. அந்தத் தொழிலாளர்கள் எந்த மேடையிலிருந்து, எந்தத் தண்ணீருக்குள் குதிக்கத் தீர்மானித்தார்கள்? அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. குதிப்பது என்றால் அதில் ஒரு முடிவு இருக்கணும். விஆர்எஸ் படிவத்தில் கையெழுத்துப் போடும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்குக் கிடைத்தது தள்ளிவிடல். அதைத் தைரியம் என்று பெயர் மாற்றுவதுதான் இந்த உவமை செய்கிற உண்மையான வேலை.

எதிர்வாதம்

கானரே பிற்பாடு இதைப் பற்றிக் குறைப்பட்டிருக்கிறார். தான் சொன்னது மன உறுதியைப் பற்றி, பயமுறுத்த ஒரு கருவியாக இல்லை என்று. காட்டரும் 2008இல், பதற்றத்தில் ஓடுவது உண்மையான அவசர உணர்வு ஆகாது என்று எழுதினார். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எரியும் மேடையைக் கையில் கொடுத்துவிட்டு, பார்க்கிறவன் பயப்படக்கூடாது என்று எதிர்பார்ப்பது கஷ்டம்.

‘அப்போ நிலைமையை மறைக்கச் சொல்றீங்களா?’ என்று கேட்கலாம். இல்லை. மறைத்தால் தங்கும் பகுதியில் காத்திருந்தவர்கள் கதிதான். ஆர்டர் குறைந்தால் குறைந்தது என்று சொல்லணும், ஆறு மாதத்துக்குத்தான் கையில் காசு இருக்கு என்றால் அதையும் சொல்லணும். அதோடு கூடவே மூன்று பதில்கள் வேண்டும்.

ஒன்று, கழற்றி வைத்த வால்வுகள் எவை? டீமைப் பாதியாக்கும்போது பாதியில் நிற்கும் வேலைகள் எத்தனை, அது யாருக்குத் தெரியும், அவருடைய கடைசி நாள் எப்போது? லேப்டாப்பைத் திருப்பி வாங்க ஒரு செக்லிஸ்ட் எல்லா இடத்திலும் இருக்கிறது. அவர் மட்டுமே அறிந்த, ராத்திரி 2 மணிக்கு ஓடுகிற ஸ்கிரிப்டைக் கேட்டு வாங்குவதற்குச் செக்லிஸ்ட் இல்லை.

இரண்டு, நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? பக்கத்து மேடை எரிகிறபோது, மேலிடத்தைக் கேட்காமல் தன் குழாயை மூடலாம் என்று கீழே இருப்பவருக்குத் தெரியுமா? மூடினால் அப்ரைசலில் அடி விழாது என்று நம்புகிறாரா?

மூன்று, கீழே படகு இருக்கிறதா? எத்தனை மாதச் சம்பளம், எந்த வேலைக்குப் பயிற்சி, எந்தத் தேதிவரை இன்ஷூரன்ஸ்?

பைப்பர் ஆல்ஃபாவை விசாரித்த கல்லன் பிரபுவின் அறிக்கை 1990 நவம்பரில் வந்தது. மொத்தம் 106 பரிந்துரைகள், அத்தனையும் ஏற்கப்பட்டன. பெர்மிட் எப்படி எழுதணும், எப்படிக் கை மாறணும், எப்படித் தப்பிக்கணும், மேடையை ஓட்டுகிற கம்பெனி தன் பாதுகாப்பை எப்படி நிரூபிக்கணும் என்று போகும் வறட்டு வாசகங்கள். ‘தைரியமாகக் குதி’ என்று அதில் ஒன்றுகூடக் கிடையாது. அடுத்த டவுன்ஹாலில் அந்தப் படம் திரையில் வந்தால் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: சார், நைட் ஷிஃப்டுக்கு யார் சொன்னாங்க?