சாத்திய கதவும் காரப்பொடிக் குழம்பும்

சிறுபாணாற்றுப்படையில் ஒரு சமையலறை வருகிறது. கண் திறக்காத குட்டிகளுக்குப் பால் கொடுக்க மாட்டாமல் ஈன்ற நாய் குரைக்கிறது. கறையான் அரித்த மண்ணில் காளான் பூத்திருக்கிறது. பசியில் வாடிய கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தாரோடு சாப்பிடுகிறாள். வறுமை அறியாதவர்கள் பார்த்துவிடுவார்களே என்ற நாணம். நல்லியக்கோடனின் கொடையைப் பெரிதாகக் காட்ட வந்த வறுமைச் சித்திரம் என்றே இதை நடத்துவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன்.

ஒருமுறை, அவரவர் வீட்டுச் சமையற்குறிப்பு ஒன்றை எழுதி வரச் சொன்னேன். காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வருகிற பிள்ளைகள் சாம்பாரும் வெஜிடபிள் பிரியாணியும் எழுதி வந்தார்கள். ஒருத்தி மட்டும் வகுப்பு முடிந்தபின் வந்து, "நேத்து எங்க வீட்ல போட்டி மேடம். அத எப்பிடி எழுதுறது?" என்றாள். கிணைமகள் சாத்திய கதவு இன்னும் திறக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது? காசிமேட்டு ஏலத்தில் வஞ்சிரமும் வவ்வாலும் விடியுமுன்னே போய்விடும். வெயில் ஏற ஏற, கூறு கட்டிய காரப்பொடியும் நசுங்கிய நெத்திலியும் வஞ்சிரத்தின் தலையும் விலை இறங்கும். காரப்பொடி விரல் நீளம்தான்; உடம்பெல்லாம் வழவழப்பு, உள்ளெல்லாம் முள். மண்சட்டியில் கல் உப்புப் போட்டு, கொழகொழப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். பிறகு புளியைக் குறைத்து, மாங்காய் போட்டுக் கொதிக்கவைத்தால், மறுநாள் பழைய சோற்றுக்கு அதற்கு இணை கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் சென்னாக்குன்னி கைகொடுக்கும். வெறும் சட்டியில் வறுத்து, மண் போக அலசி, கத்தரிக்காயோடு சேர்ப்பார்கள். ஆட்டுக் குடலென்றால் உள்ளைப் புறமாகத் திருப்பி, மஞ்சளும் உப்பும் போட்டுக் கசக்கி, வாடை போகும்வரை நாலைந்து முறை தண்ணீர் மாற்ற வேண்டும். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் நாலைந்து முறை என்பது எத்தனை குடம்?

கடைக்காரர் குறைத்த விலையை அவள் தன் நேரத்தாலும் முதுகுவலியாலும் கட்டுகிறாள். துறைமுகமும் ஆலைகளும் குறைந்த கூலியில் ஓடுவதற்கு இந்த அடுப்பும் ஒரு காரணம். நாமோ இதற்குச் 'சிக்கனம்' என்று பெயரிட்டுப் பெண்ணின் குணமாக்கிவிட்டோம்.

மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. ஒரு பெண் தன் கையறிவை அளவும் பக்குவமுமாக எழுதி நூலாக்கியது சாதாரணச் செயலல்ல. அந்த மரியாதை எனக்கு உண்டு. ஆனால் அது பிராமண வீட்டின் சைவ அடுப்பு. அந்த அடுப்பே 'தமிழ்ச் சமையல்' என்று பெயர் பெற்றபோது, குடலும் கருவாடும் 'நாற்றம்' ஆயின. மராத்தியில் ஷாஹு பட்டோலே மராத்வாடா தலித் மக்களின் உணவை 2015இல் நூலாக எழுதினார். அன்னமே பூரணப் பிரம்மம் என்ற வழக்கைத் திருப்பி, 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' என்று தலைப்பிட்டார். வடசென்னைக்கு அப்படியொரு நூலை அதைச் சமைக்கிற பெண்களே எழுத வேண்டும்.

பெண்ணிய விமர்சனத்திலும் ஒரு விடுபடல் இருக்கிறது. சமையலறைதான் பெண்ணை முடக்குகிறது என்று சொல்ல அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' நமக்கு ஒரு மொழி தந்தது. அதோடு நின்றுவிட்டால் காரப்பொடி தேய்க்கிறவளின் உழைப்பு மட்டும் தெரியும், அறிவு தெரியாது. கைப்பக்குவத்தை மட்டும் கொண்டாடினால் அறிவு தெரியும், சுரண்டல் மறைந்துபோகும். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

ஏனென்றால் எல்லா மலிவும் ஒன்றல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அந்த நீரில் பிடித்த மீன் விலை இறங்கினால் அதை ருசியாக்கும் பொறுப்பையும் பெண்ணின் தலையில் வைக்க முடியாது. மஞ்சளுக்கு வாடை போகும், எண்ணெய் போகாது.

அந்த மாணவி பிறகு குறிப்பை எழுதித் தந்தாள். பொருட்களின் வரிசையில் குடல், மஞ்சள், சின்ன வெங்காயத்துக்குக் கீழே இரண்டு வரிகள் இருந்தன. "தண்ணீர்: மூன்று குடம். நேரம்: அம்மா வேலைக்குப் போகாத நாள்."