பனை காணாத பிள்ளைகளும் தங்கத்தாத்தாவும்

நவாலியூர் சோமசுந்தரப் புலவரை (1878–1953) ‘தங்கத்தாத்தா’ என்று கொஞ்சிவிட்டு நம் விமர்சகர்கள் அப்பால் போய்விடுகிறார்கள். குழந்தைப் பாட்டுத்தானே என்ற அலட்சியம். அவர் வட்டுக்கோட்டையில் நெடுங்காலம் படிப்பித்தவர். வகுப்பில் பிள்ளை எந்த இடத்தில் கொட்டாவி விடும் என்பது தெரிந்த கை அது.

அவருடைய ‘ஆடிப்பிறப்பு’ யாழ்ப்பாணத்துக்கே உரிய பாட்டு, றப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒட்டாது என்று ஆசிரிய நண்பர் ஒருவர் வாதிட்டார். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கேகாலைப் பக்கத்து என் மாணவர்கள் பனையைப் படத்தில்தான் கண்டிருக்கிறார்கள். பனங்கட்டி என்றதும், “கித்துள் கருப்பட்டி மாதிரியா சேர்?” என்றாள் ஒருத்தி. கூழ் என்றதும் நம்மவர் பையன் ஒருவன் நோன்புக் கஞ்சியைச் சொன்னான். அதுவரை பாட்டு பாதிதான் உள்ளே போயிருந்தது. பலாவிலை பொறுக்கி, கோலி, அதிலே கூழ் வாங்கிக் குடிக்கும் இடம் வந்ததோ இல்லையோ, பாதி வகுப்பு வெளியே ஓடிவிட்டது. எங்கள் பக்கம் பலாவுக்கா பஞ்சம்!

புலவர் பண்டிகையை வருணித்துக்கொண்டு நிற்கவில்லை. மாவு இடிபடுகிறது, பயறு வறுபடுகிறது, தாய் அகப்பையால் அள்ளி வார்க்கிறாள், பிள்ளைக்கும் ஓடிச்செய்ய ஒரு வேலை இருக்கிறது. பனை தெரியாத பிள்ளையையும் அந்த வேலை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

ஆனால் ‘கத்தரித்தோட்டத்து வெருளி’ அப்படிப் போகவில்லை. கூலி வாங்காமல் காவல் நிற்கும் இந்தச் சேவகனைப்போல் யாருண்டு என்று புலவர் வியப்பது நல்ல வேடிக்கை. கமக்காரர் வீட்டுப் பிள்ளை சிரிக்கும். என் வகுப்பில் சிரிப்பு வரவில்லை. “அவனுக்குப் பேர் போடலியா சேர்?” என்று கேட்டான் ஒரு பால்வெட்டுக்காரியின் மகன். பால் நிறை குறைந்தால் அரைப்பேர் என்பதைக் கேட்டு வளர்ந்தவன் அவன். புலவர் கண்ட தோட்டம் வேறு, இவர்கள் பிறந்த தோட்டம் வேறு. அதைப் புலவரின் குற்றமாகச் சொல்லமாட்டேன்.

குற்றம் நம்முடையது. பிள்ளைகளுக்கென்று பேனா எடுத்தால் புத்திமதி தவிர நமக்கு வேறெதுவும் வருவதில்லை. சிரட்டையும் ஒட்டுப்பாலும் விடியற்காலை அட்டைக்கடியும் உள்ள ஒரு சிறுவர் பாட்டை வகுப்புக்கென்று தேடினேன், கிடைக்கவில்லை.

போன கிழமை ஒரு பிள்ளை, வெருளிக்கு முழுப்பேர் போடச் சொல்லிக் கங்காணியிடம் கேட்பதாகக் கொப்பியில் நாலு வரி எழுதி வந்தது. எதுகை, மோனை ஒன்றும் கிடையாது. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.