திண்ணையில் யார் உட்காரலாம்? – புதுச்சேரித் தெருக்களும் 'மரபு' என்னும் சொல்லாடலும்

புதுச்சேரி வைசியாள் வீதிக்கு அருகே, செப்பனிடப்பட்ட பழைய வீடு ஒன்றின் திண்ணையில் வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிராது. உள்ளிருந்து வந்த காவலாளி, "எந்திரிங்க சார், இங்கல்லாம் உக்காரக் கூடாது" என்றார். அவருக்கு இடப்பட்ட வேலை அது. ஆனால், உட்காரக் கூடாத திண்ணை என்றால் என்ன? அது திண்ணையா, திண்ணையின் படமா? இந்த ஊர்த் தெருக்களின் மரபு குறித்த பேச்சு முழுவதையும் இந்தக் கேள்வியிலிருந்து வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

'பிரெஞ்சு நகரம்' என்பது சுற்றுலா நமக்குச் சொல்லித்தந்த கதையாடல். நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இந்தத் தெருக்களுக்கான வரைபடம், 1693இலிருந்து 1699வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்டது. 1761இல் ஆங்கிலேயர் நகரத்தை இடித்துத் தள்ளினார்கள். 1765க்குப் பிறகு அதே தெருக்கோடுகளின்மேல் திரும்ப எழும்பியதைத்தான் நாம் 'அசல்' என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். கட்டடங்கள் போயின, கோடுகள் நின்றன. அந்தக் கோடுகள் என்ன செய்தன? வாய்க்காலுக்குக் கிழக்கே கடலோரமாக வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம். கறுப்பு நகரத்துக்குள் செட்டித் தெரு, வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி. நிறத்தையும் சாதியையும் ஒரே அளவுகோலால் வரைந்த பிரதி இது.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1745ஆம் வருஷத்துச் செய்தி ஒன்று உண்டு. அன்றைய சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறித்தவர்களையும் தலித் கிறித்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றிருக்கிறது. சேரிக்காரர்கள் திரண்டுபோய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக்காரர்கள் கொதித்தார்கள். கட்டடக் கற்பனை என்று வளைவுகளையும் தூண்களையும் பேசுகிறவர்கள் இந்தச் சுவரையும், அது விழுந்ததையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஓர் இடத்தை வேறு மாதிரிக் கற்பனை செய்து பார்த்தவர்கள் அந்தச் சேரிக்காரர்கள். நம் மரபுப் பேச்சில் அவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

வைசியாள் வீதியின் முகப்புகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா அர்ப்ஸ்' திட்ட உதவியோடு இன்டாக் சீரமைத்தது. 2008இல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. நல்ல வேலை, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மீட்கப்பட்டது முகப்பு. மரத்தூணில் சாய்ந்து தெருவின் மேல் இறங்கும் ஓட்டுத் தாழ்வாரம், தன் கூரையைக் கொஞ்சம் வெளியே நீட்டி நடந்துபோகிறவனுக்கு நிழல் தருவது. வீடு எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத இடம் அது. அருமையான கற்பனை. கூடவே, தெரு, தாழ்வாரம், திண்ணை, நடை, கூடம் என்று யார் எதுவரை வரலாம் என அளந்து நிறுத்திய இலக்கணமும் அதுவே. நிழல் எல்லோருக்குமானதாக இருந்ததில்லை. முகப்பை மட்டும் மீட்கும்போது இந்த இரண்டுமே காணாமல் போகின்றன. அந்நியருக்கு இடம் தந்த பெருந்தன்மையும் போகிறது, அதற்குள்ளிருந்த விலக்கும் மறைந்துகொள்கிறது. மிச்சம், புகைப்படம்.

நம் தரப்பிலும் ஒரு சோம்பல் இருக்கிறது. "சாதித் தெருதானே, இடிஞ்சா இடியட்டுமே" என்று தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இடிந்த இடத்தில் வருவது என்ன? மதில், இரும்புக் கதவு, கார் நிறுத்தம். சாதி உள்ளேயே பத்திரமாக இருக்கிறது. நிழல் மட்டும் எல்லோருக்கும் இல்லையென்று ஆகிறது. இதை விடுதலை என்று எப்படிச் சொல்வது? கடற்கரையில் மேரி கட்டடம் 2014இல் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே கட்டி 2021இல் திறந்தார்கள். தோற்றத்தைத் திரும்பக் கட்ட அரசுக்குத் தெரியும். தெருவுக்கும் வீட்டுக்கும் இருந்த உறவை, அதிலிருந்த விலக்கைக் களைந்து திரும்பக் கட்டுவது அரசுக்கு விட்டுவிடக்கூடிய வேலையல்ல. எழுதுகிறவர்களும் இயக்கத்தில் இருப்பவர்களும் மரபு என்ற சொல்லைச் சுற்றுலாவிடமிருந்து பிடுங்கியாக வேண்டும். பழைய வீட்டைக் காப்பாற்று என்று கேட்கும் அதே மூச்சில், அதன் திண்ணையில் அன்று உட்கார விடப்படாதவர் இன்று உட்காரலாமா என்றும் கேட்டாக வேண்டும்.

அன்று எழுந்து வந்துவிட்டேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது அந்தக் காவலாளி வெயிலில் நின்றுகொண்டிருந்தார். திண்ணை காலியாகத்தான் கிடந்தது.