குடியியற் பாடமும் குடிமக்களும் – வீரமுனையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கவிதையையும் நாவலையும் நாடகத்தையும் நிறுத்துப் பார்ப்பதற்குத் தமிழிலே திறனாய்வு மரபொன்று வளர்ந்துள்ளது. ஆனால், நாட்டிலுள்ள எல்லா நூல்களிலும் மிகுதியாக வாசிக்கப்படுவதாகிய பாடநூல் அம்மரபின் கண்ணிற்படுவது அரிது. பாடநூலை எழுதியோர் உண்டு. அதற்கென ஒரு நடையுண்டு. அது யாரை நோக்கிப் பேசுகின்றது, எதைச் சொல்லாது விடுகின்றது என்ற வினாக்களும் உண்டு. ஆகவே அதுவும் திறனாய்வுக்குரிய எழுத்தேயாம். குறிப்பாக, அரசையும் அரசியல் யாப்பையும் மாணவனுக்கு அறிமுகஞ் செய்யும் குடியியற் பாடம் இவ்வாறு ஆராயப்படுதல் வேண்டும். ஏனெனில், மாணவன் தன்னைப் பற்றித் தானே வாசிக்கும் பாடம் அது ஒன்றே.

இப்பாடத்தின் வரலாறு நாட்டின் யாப்பு வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. 1931 ஆம் ஆண்டு டொனமூர் யாப்பின்கீழ் வயதுவந்தோர் யாவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. வாக்களிக்கும் மக்களுக்குக் கல்வி வேண்டும் என்ற தருக்கம் இவ்விரண்டையும் இணைத்தது. சோல்பரி யாப்பின் உருவாக்கத்தில் டி. எஸ். சேனநாயக்கவுக்கு ஆலோசகராயிருந்த ஐவர் ஜெனிங்ஸ், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராகவும் விளங்கினார் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. எனினும் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், மலையகத் தமிழர்களுட் பெரும்பாலோரைப் பிரசைகளல்லாதாராக்கியது. சுதந்திர இலங்கையிற் குடியுரிமை என்னும் சொல், ஒரு சாராருக்கு அடையாளமாகவும் இன்னொரு சாராருக்கு இழப்பாகவும் ஒரே ஆண்டில் அறிமுகமாயிற்று.

1972 இல் முதலாவது குடியரசு யாப்பு நிறைவேறியது. அதே ஆண்டிற் புகுத்தப்பட்ட கல்விச் சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவற்றைச் சமூகக்கல்வி என்னும் ஒரே பாடத்துள் அடக்கியது. நாடு தன் யாப்பைப் புதிதாக எழுதிய வேளையில், யாப்பைக் கற்பிக்கும் பாடம் தன் பெயரை இழந்தது. குடியியற் கல்வி தனிப்பாடமாக மீண்டது இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே. அப்போதும் க.பொ.த. சாதாரண தரத்தில் வரலாறு கட்டாய பாடமாயிற்று. குடியியலோ விருப்பத் தொகுதியில் ஒன்றாய் நின்றது. இறந்த மன்னர்களை அறிவது கட்டாயமாகவும், வாழும் அரசை அறிவது விருப்பமாகவும் அமைந்த முரணை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

மீண்டு வந்த பாடம் முன்னையதிலும் மேம்பட்டது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. சனநாயகம், அதிகாரப் பரவலாக்கம், பல்பண்பாட்டுச் சமூகம், மனித உரிமை, மோதல் தீர்த்தல் என அதன் பொருட்பரப்பு விரிந்தது. குறை பொருளில் அன்று, நடையிலேயே உள்ளது. குடியியல் உரைநடையின் இயல்பான இலக்கணம் செயப்பாட்டுவினை. உரிமைகள் ‘வழங்கப்பட்டுள்ளன’, சமத்துவம் ‘உறுதிப்படுத்தப்பட்டுள்ளது’, சட்டவாட்சி ‘பேணப்படுகின்றது’. இவ்வாக்கியங்களில் எழுவாய் இல்லை. வழங்கியவர் யார், மறுப்பவர் யார், மறுக்கப்பட்டவர் எங்கே முறையிடுவது என்பன வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. தமிழ்ப் பாடநூல்கள் சிங்கள மூலத்தின் மொழிபெயர்ப்புகளாக அமைகின்றன என்ற நெடுநாட் குற்றச்சாட்டும் இதனோடு சேர்த்து எண்ணற்குரியது. ஆயினும், எழுவாயற்ற நடை மொழிபெயர்ப்பால் மட்டும் வருவதன்று. அரசை ஒரு கொடையாளியாகக் காணும் பார்வையிலிருந்து பிறப்பது.

இப்பார்வையின் வரையறையை உணர்தற்கு, பாடநூலை ஓர் ஊரில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அம்பாறை மாவட்டத்தின் சம்மாந்துறைப் பிரதேசத்திலுள்ள வீரமுனை அதற்குப் பொருத்தமான ஊர். சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலையும் சீர்பாததேவி பற்றிய மரபுக் கதையையும் உடைய தமிழ்க் கிராமம் அது. அதனை அடுத்துத் தமிழ் பேசும் முஸ்லிம்களின் பெருநகராகிய சம்மாந்துறை, கரையோரத்திற் கல்முனை. வீரமுனைச் சிறுவன் தமிழ்ப் பாடசாலையிலும் சம்மாந்துறைச் சிறுவன் முஸ்லிம் பாடசாலையிலும் பயில்கின்றனர். ஒரே மொழியில் அமைந்த ஒரே அரச பாடநூலை இருவரும் வேறுவேறு வகுப்பறைகளிலிருந்து வாசிக்கின்றனர். ஒருவர் மற்றவரைப் பற்றி வாசிக்கின்றாரேயன்றி ஒருவரோடொருவர் வாசிப்பதில்லை. பல்பண்பாட்டுச் சமூகம் என்னும் அலகு இங்கே தன்னைத்தானே மறுத்து நிற்கின்றது.

இம்மாணவனின் ஊரிலே பாடத்துக்குரிய பொருள் நிறைந்து கிடக்கின்றது. அவன் வாழும் நிருவாக மாவட்டம் அம்பாறை. அவனுடைய பெற்றோர் வாக்களிக்கும் தேர்தல் மாவட்டமோ திகாமடுல்ல. நாட்டில் நிருவாக மாவட்டங்கள் 25 ஆகவும் தேர்தல் மாவட்டங்கள் 22 ஆகவும் இருப்பதேன் என்ற வினா, மனனஞ்செய்த பத்து வரைவிலக்கணங்களிலும் பயனுடையது. இதனினும் ஆழமானது ‘குடி’ என்னும் சொல். குடியியல் நூலில் அது நாட்டின் உறுப்பினரைக் குறிக்கின்றது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளிலோ அது தாய்வழிக் குலத்தின் பெயர். தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் இம்முறை உண்டு. கோயிலில் வண்ணக்கர்களும் பள்ளிவாசலில் மரைக்காயர்களும் குடிவழியாகப் பிரதிநிதித்துவம் பெறுதல் இப்பகுதியின் மரபு. பிறப்பால் வரும் பிரதிநிதித்துவத்துக்கும் தேர்வால் வரும் பிரதிநிதித்துவத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதனினும் சிறந்த வாயில் கிடைப்பதரிது. இரு சமூகத்துப் பிள்ளைகளுக்கும் பொதுவான வாயிலும் அதுவே. இதனைக் கைக்கொள்ளாது கிரேக்க நகர அரசிலிருந்து பாடத்தைத் தொடங்குதல், வீட்டுக் கிணற்றை மூடிவிட்டு அயலூருக்கு நீருக்குச் செல்வதை ஒக்கும்.

பாடநூலிற் பிரதேச செயலகமும் உள்ளூராட்சி மன்றமும் ஆட்சியமைப்பின் படிகளாக வரையப்படுகின்றன. கல்முனையில் அவை போராட்டத்தின் பொருள்கள். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுத் தரத்துக்கு உயர்த்துமாறு தமிழர் தரப்பு பல்லாண்டாகக் கோரியது. முஸ்லிம் தரப்பில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. 2019 யூன் மாதத்தில் உண்ணாவிரதமும் அதற்கெதிரான சத்தியாக்கிரகமும் ஒரே நகரில் நிகழ்ந்தன. சாய்ந்தமருதுக்குத் தனி உள்ளூராட்சி மன்றம் அமைக்கும் வர்த்தமானி 2020 பெப்ரவரியில் வெளியாகிச் சில நாள்களுள் இடைநிறுத்தப்பட்டது. 2025 மே 6 ஆம் திகதி நாடளாவிய உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, வழக்கின் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்குத் தேர்தல் நடைபெறவில்லை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இல் முடிவுற்ற பின்னரும் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. படத்தில் நிறைந்திருக்கும் ஆட்சிப் படிகள் ஊரில் வெற்றிடங்களாயிருப்பதைக் காணும் மாணவன், பாடத்தைப் பொய்யென்றோ பரீட்சைக்கு மட்டுமுரியதென்றோ முடிவுசெய்தல் இயல்பு. அவ்வெற்றிடத்தையும் சட்டம் நோக்கும் முறையைக் காட்டினால் அவன் முடிவு வேறாகும். 2023 இல் உள்ளூராட்சித் தேர்தல் நடத்தப்படாமை அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தேர்தல் நின்றது என்பதோடு, நின்றதற்கு எதிராகக் குடிமக்கள் வழக்காடி வென்றனர் என்பதும் பாடமாதல் வேண்டும்.

இவ்வூரில் இன்னுங் கடினமான பக்கமும் உண்டு. 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். சில நாள்களில் ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 12 ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலிற் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று மனித உரிமை என்னும் அலகைப் படிக்கின்றனர். வாழும் உரிமை நம் யாப்பில் எங்கேயுள்ளது என அவர்களுள் ஒருவர் கேட்பாராயின் ஆசிரியர் யாது கூறுவார்? 1978 ஆம் ஆண்டு யாப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் வாழும் உரிமை தனியே எழுதப்படவில்லை. நீதிமன்றக் கட்டளையின்றி எவரும் மரணத்தாலோ சிறையாலோ தண்டிக்கப்படலாகாது என்னும் 13(4) ஆம் உறுப்புரையிலிருந்து அவ்வுரிமையை உயர் நீதிமன்றம் 2003 இல் உய்த்துணர்ந்தது. எழுதப்படாத உரிமை வழக்கொன்றின் வாயிலாக வெளிப்பட்ட இவ்வரலாறு, உரிமை ‘வழங்கப்பட்டது’ என்னும் வாக்கியத்தையே மாற்றி எழுதச் செய்யும்.

இத்தகைய நிகழ்வுகளை வகுப்பறைக்குள் கொணர்தல் ஆறிய புண்ணைக் கிளறுவதாகும் என்ற அச்சம் நியாயமற்றதன்று. பாடநூலின் மௌனம் சிலவேளை காப்பாகவும் அமைகின்றது. ஓர் இனத்தின் இழப்பை மட்டும் கூறும் ஆசிரியர் குடியியலன்றிப் பகையையே கற்பிப்பார். ஆனால் மௌனத்தால் நினைவு அழிவதில்லை. அது வீட்டிலே, ஒருபக்கக் கதையாக, திருத்துவாரின்றி வளர்கின்றது. பாடசாலை செய்யத்தக்கது, மூன்று ஊர்களின் இழப்பையும் ஒரே அளவுகோலால், சட்டத்தின் அளவுகோலால், நோக்கப் பயிற்றுவதேயாம்.

இந்தியாவில் 2005 ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டச் சட்டகம், குடியியல் என்னும் பாடம் குடியேற்ற ஆட்சிக்குப் பணியும் குடிகளை உருவாக்கும் நோக்கில் எழுந்தது என விமரிசித்து, சமூக அரசியல் வாழ்க்கை என்ற புதிய பாடத்துக்கு வழிவகுத்தது. 2012 இல் அச்சட்டகத்தைத் தழுவி எழுந்த அரசியல் அறிவியற் பாடநூலொன்றின் கேலிச்சித்திரமொன்று பாராளுமன்றத்திற் கொந்தளிப்பை உண்டாக்கி நீக்கப்பட்டது. உயிருள்ள பாடநூல் அரசுக்குச் சங்கடந் தரும் என்பதற்கு இது சான்று. சங்கடந் தராத நூல் மாணவனுக்குப் பயன் தரும் என்பதற்கோ சான்றில்லை.

ஆகவே வேண்டப்படுவது மேலும் ஓர் அலகன்று. வாக்கியத்தின் எழுவாயை மீட்டலாகும். நிருவாகச் செயலொன்றால் உரிமை மீறப்பட்டவர் 126 ஆம் உறுப்புரையின்கீழ் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச்செய்யலாம்; அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அக்கணக்கிற் சேராது; அவ்வாணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே உள்ளது; 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரசையும் பிரதேச செயலகத்திடம் தகவல் கோரலாம். இந்நான்கு செய்திகளிலும் வினைமுதல் குடிமகனே. இவற்றை அறிந்து பாடசாலையை விட்டு வெளியேறும் வீரமுனை மாணவியும் சம்மாந்துறை மாணவியும், ஒரே விண்ணப்பப் படிவத்தை ஒரே அலுவலகத்தில் நிரப்பக் கற்றவராவர். வகுப்பறை பிரித்த இருவரையும் ஒரே வரிசையில் நிற்கச் செய்வது அக்கல்வியே.