'நீலவெளிச்ச'மும் 'பார்கவி நிலைய'மும்: முன்னிலையிலிருந்து படர்க்கைக்கு

முன்னுரை

சிறுகதை திரைப்படமாகும்போது அது மூலத்தை எவ்வளவு பின்பற்றியுள்ளது என வினவுவது திறனாய்வு மரபு. மூல ஆசிரியரே திரைக்கதையும் எழுதியிருப்பின் அவ்வினா வலுவிழக்கிறது. வைக்கம் முகம்மது பஷீரின் (1908–1994) 'நீலவெளிச்சம்' என்னும் மலையாளச் சிறுகதை இதற்குச் சான்றாகும். கொச்சியைச் சேர்ந்த டி. கே. பரீக்குட்டி 1964இல் இதனைப் 'பார்கவி நிலையம்' எனப் படமாக்கினார். திரைக்கதை பஷீருடையது, ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட் இயக்கிய முதற்படம் இது. இவ்விரு வடிவங்களின் வேறுபாட்டை மூவிடப் பாகுபாட்டின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சிறுகதை: விடையற்ற விளி

எழுத்தாளன் ஒருவன் வாடகைக்கு எடுத்த வீட்டின் கிணற்றில், காதல் முறிந்த பார்கவி என்னும் பெண் விழுந்து இறந்தாள் என்பது ஊர்ப்பேச்சு. தன்மை நிலையில் கதைசொல்லும் அவன் அவளைப் பெயர் சொல்லி விளிக்கிறான். தன் அன்றாடச் செய்திகளை அவளிடம் கூறுகிறான். இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்கிறான். அச்சம் மெல்ல உறவாகிறது. ஆயினும் அவள் மறுமொழி கூறாத முன்னிலையாகவே இருக்கிறாள். ஓரிரவு விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிடுகிறது. எண்ணெய் பெற்றுத் திரும்புபவன் அறையில் நீல ஒளி நிறைந்திருக்கக் காண்கிறான். அது அவளது மறுமொழியா என்பதைக் கதை சொல்லாமல் விடுகிறது.

2. திரைப்படம்: காணப்படும் படர்க்கை

திரைப்படத்திலும் எழுத்தாளன் (மது) அவளை விளித்தே வீட்டினுள் நுழைகிறான். ஆனால் அவன் அவளது வரலாற்றை எழுதத் தொடங்கியதும் பார்கவி (விஜயநிர்மலா) படர்க்கையாகிறாள். அவளுக்கு உருவமும் இறந்தகாலமும் கிடைக்கின்றன. காதலன் சசிகுமார் (பிரேம்நசீர்) அவளைக் கைவிடவில்லை, நாணுக்குட்டனால் (பி. ஜே. ஆன்டணி) கொல்லப்பட்டான். பார்கவியைக் கிணற்றில் தள்ளியவனும் அவனே. தற்கொலை என்பது அவன் பரப்பிய பொய்.

இம்மாற்றத்தை வணிகத் தேவை என்று மட்டும் ஒதுக்குதல் பொருந்தாது. சிறுகதை ஊர்ப்பேச்சை மறுக்காமல் பரிவு காட்டுகிறது. திரைப்படம் அதனை மறுத்து, இறந்தவள் மீதான பழியைத் துடைக்கிறது. இதற்கு அது கொடுத்த விலை, சிறுகதையின் மௌனம். மேலும், கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் ஒளியளவின் வேறுபாடாக மட்டுமே எஞ்சும். அதனை நீலம் என்று உணர்த்தச் சொல்லின் துணை வேண்டும். தலைப்பு ஒளியை விடுத்து வீட்டைப் பற்றிக்கொண்டதற்கு இதுவும் இயைகிறது.

3. பெயர்களும் மொழிபெயர்ப்பும்

திரைப்படத்திற்குப்பின் மலையாளப் பேச்சு வழக்கில் 'பார்கவி நிலையம்' என்பது பாழடைந்த, பேய் உலவும் வீட்டைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. பழியிலிருந்து ஒருத்தியை மீட்ட படம், அவள் பெயரை அச்சத்தின் பெயராக்கிவிட்டது முரணே.

தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விரு பெயர்களும் வெவ்வேறு சிக்கலைத் தருகின்றன. 'நீலவெளிச்சம்' மாற்றமின்றித் தமிழாகிறது. 'பார்கவி நிலையம்' என்பதும் எழுத்தளவில் அவ்வாறே. எனினும் தமிழில் அது எந்த வீட்டு வாயிலிலும் காணத்தக்க பெயர்ப்பலகை மட்டுமே. 'பேய்வீடு' என்றால் பொருள் வரும், பார்கவி மறைவாள். பெயரைக் காத்து, அதன் வழக்குப் பொருளைச் சூழலால் உணர்த்துவதே தக்கது.

முடிவுரை

2023இல் ஆஷிக் அபு இயக்கிய வண்ணப்படம் 'நீலவெளிச்சம்' என்ற பெயரை மீட்டது. நீலத்தைக் கண்முன் காட்டும் வாய்ப்பும் அதற்கு இருந்தது. ஆயினும் அது பின்பற்றியது 1964ஆம் ஆண்டின் திரைக்கதையையே. பெயர் திரும்பியது, மௌனம் திரும்பவில்லை. எனவே தழுவலை மதிப்பிடும்போது எந்நிகழ்ச்சி சேர்ந்தது, எது நீங்கியது என்பதோடு, எவர் எவரை எவ்விடத்தில் நிறுத்திப் பேசுகிறார் என்பதையும் நோக்குதல் வேண்டும். மொழிபெயர்ப்பை மதிப்பிடவும் இவ்வளவுகோல் பயன்படும்.