ரிசோ ஆய்வகமும் காற்று மின்சாரமும்: ஒரு மதிப்பீடு

ரிசோ தேசிய ஆய்வகம் என்பது டென்மார்க்கின் ரோஸ்கில்ட் நகருக்கு அருகே கடற்கழிக் கரையில் அமைந்திருந்த அரசு ஆராய்ச்சி மையமாக இருந்தது. அணு ஆற்றல் ஆராய்ச்சிக்காக 1950களில் நிறுவப்பட்ட இம்மையம், பிற்காலத்தில் காற்று மின்சார ஆய்வுக்காக உலக அளவில் அறியப்பட்டது. 2007இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது.

இன்று டென்மார்க்கின் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி காற்றிலிருந்து கிடைக்கிறது. இந்த வெற்றியில் ரிசோவுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் அந்தப் பங்கு எத்தகையது என்பது பலவேளைகளில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. நவீன காற்றாலையை ரிசோ கண்டுபிடிக்கவில்லை. பிறர் உருவாக்கிய காற்றாலைகளை அளந்து, சோதித்து, தகுதியற்றவை சந்தைக்கு வராமல் தடுத்ததே அதன் முதன்மைப் பணி.

பின்னணி

டென்மார்க் பாணிக் காற்றாலையின் அடிப்படை வடிவம் ரிசோவுக்கு வெளியே பிறந்தது. பொறியாளர் யோகன்னஸ் யூல் 1957இல் கெட்சரில் நிறுவிய 200 கிலோவாட் காற்றாலை மூன்று இறக்கைகள் கொண்டது. புயல் நேரத்தில் வேகத்தைக் குறைக்க இறக்கை முனைகளில் காற்றுத் தடுப்புகள் இருந்தன. அது 1967 வரை இயங்கியது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் தச்சர் கிறிஸ்டியன் ரீசாகர் போன்றவர்கள் அதே வழியில் சிறிய காற்றாலைகளைச் செய்தனர். வேளாண் கருவிகள் செய்துவந்த சிறு நிறுவனங்களும் இத்தொழிலில் இறங்கின.

ரிசோவிடம் இருந்தது வேறொரு வகை அறிவு. அணு உலையில் விபத்து நேர்ந்தால் கதிரியக்கம் எத்திசையில் பரவும் என்று அறிய, அங்கு 120 மீட்டருக்கும் மேல் உயரமான வானிலைக் கோபுரம் ஒன்று 1950களிலேயே எழுப்பப்பட்டது. நிலத்தையொட்டிய காற்று உயரத்துக்கேற்ப எப்படி மாறுகிறது என்ற பல ஆண்டுத் தரவு அதனால் சேர்ந்தது. 1985இல் டென்மார்க் நாடாளுமன்றம் அணு மின்சாரத்தைத் தன் ஆற்றல் திட்டத்திலிருந்து நீக்கியது. அணுவுக்காகத் திரட்டிய அந்த அறிவு காற்றுக்குப் பயன்பட்டது.

சோதனை நிலையம்

1978இல் ரிசோவில் சிறிய காற்றாலைகளுக்கான சோதனை நிலையம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு காற்றாலை வாங்குவோருக்கு விலையில் 30 விழுக்காடு மானியம் வழங்க அரசு முடிவு செய்தது. ரிசோ அங்கீகரித்த மாதிரிகளுக்கு மட்டுமே மானியம் என்பது அதன் நிபந்தனை. ஒரு சிறிய ஆய்வுக்குழுவுக்குச் சந்தையின் வாயிற்காவல் பொறுப்பு வந்தது இப்படித்தான்.

இந்த அதிகாரம் எப்படிப் பயன்பட்டது என்பதற்குப் பாதுகாப்புத் தடுப்பு ஓர் எடுத்துக்காட்டு. புயலில் மின்தொடர்பு அறுந்தால் காற்றாலை கட்டுப்பாடின்றிச் சுழன்று உடையும். தொடக்கக்கால இயந்திரங்கள் பலவற்றுக்கு இந்தக் கதி நேர்ந்தது. அதனால் ஒரு தடுப்பு பழுதானாலும் காற்றாலையை நிறுத்தக்கூடிய மற்றொரு தடுப்பு இருக்க வேண்டும் என்று சோதனை நிலையம் வற்புறுத்தியது. ஒரு நிறுவனத்தின் இயந்திரத்தில் கண்ட பழுதிலிருந்து மற்ற நிறுவனங்களும் பாடம் கற்றன.

அதே காலத்தில் வேறு நாடுகள் ஒரே தாவலில் பெரிய இயந்திரங்களுக்குப் போக முயன்றன. ஜெர்மனியின் 3 மெகாவாட் குரோவியன் காற்றாலை 1983இல் தொடங்கி, சில நூறு மணி நேரமே ஓடி, 1988இல் பிரிக்கப்பட்டது. அமெரிக்காவில் நாசா வடிவமைத்த பெரிய காற்றாலைகளும் தொழிலாக வளரவில்லை. 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் காற்றாலைச் சந்தை திறந்தபோது, சிறியவையாக இருந்தும் தாக்குப்பிடித்தவை டென்மார்க்கின் இயந்திரங்களே.

காற்று வரைபடம்

ரிசோவின் இரண்டாவது பங்களிப்பு, ஓரிடத்தில் எவ்வளவு காற்று கிடைக்கும் என்று கணிக்கும் முறையாகும். 1987இல் வெளியான வாஸ்ப் என்ற கணினி நிரல், ஓரிடத்தில் அளந்த காற்றைக் கொண்டு சுற்றுவட்டாரத்தின் காற்றைக் கணக்கிட உதவியது. 1989இல் ஐரோப்பியக் காற்று வரைபடம் வெளிவந்தது. காற்றாலைக்குக் கடன் தரும் வங்கி, அது ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் தரும் என்று முன்கூட்டியே கேட்கும். அக்கேள்விக்குப் பலரும் ஏற்கும் விடை கிடைத்ததால்தான் முதலீடு பெருகியது.

குறைகள்

ரிசோவின் செயல்பாட்டில் குறைகளும் இருந்தன. முதலாவது, ஒரே குழு உற்பத்தியாளருக்கு ஆலோசனையும் சொன்னது, அவருடைய இயந்திரத்துக்கு அங்கீகாரமும் வழங்கியது. ஆலோசகரே தேர்வாளராகவும் இருக்கும்போது நடுநிலை கேள்விக்குள்ளாகிறது. சிறிய நாட்டில், தொழில் இளமையாக இருந்த காலத்தில் இந்த நெருக்கம் பலன் தந்தது. எல்லா இடத்துக்கும் அது பொருந்தும் என்று கூற இயலாது.

இரண்டாவது, பெரிய இயந்திரங்களின் கவர்ச்சிக்கு டென்மார்க்கும் தப்பவில்லை. ரிசோவும் பங்கேற்ற அரசுத் திட்டத்தில் நீபே என்ற இடத்தில் தலா 630 கிலோவாட் திறனுள்ள இரு காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவை அறிவைத் தந்தன. சந்தையில் நின்றவை சிறு நிறுவனங்களின் படிப்படியான வடிவங்களே.

மூன்றாவது, வாஸ்ப் நிரல் டென்மார்க்கைப் போன்ற மென்மேடான நிலத்துக்கு நன்கு பொருந்தியது. செங்குத்தான மலைப்பகுதிகளில் பிழை மிகுந்தது. இதை ரிசோ மறைக்கவில்லை. தன் அருகிலிருந்த போலுண்ட் என்ற சிறு குன்றில் காற்றை அளந்து, பல நாட்டு ஆய்வாளர்களின் கணிப்புகளை அந்த அளவீட்டோடு ஒப்பிட்டுக் காட்டியது. கணிப்புகள் ஒன்றோடொன்று வெகுவாக மாறுபட்டன.

நான்காவது, புகழ் முழுவதையும் ஆய்வகத்துக்கே தருவது சரியாகாது. காற்றாலை உரிமையாளர்கள் சங்கம் அமைத்து, ஒவ்வோர் இயந்திரத்தின் உற்பத்தி அளவையும் தங்கள் இதழில் வெளியிட்டனர். எது நல்ல இயந்திரம் என்பதை ஆய்வகத்தோடு வாங்குவோரும் தீர்மானித்தனர்.

தமிழ்நாட்டுத் தொடர்பு

1990களின் நடுவில் முப்பந்தல் வட்டாரத்தில் காற்றாலைகள் வேகமாகப் பெருகின. அதற்கு முக்கியத் தூண்டுதல், முதலீட்டின் மீது நிறுவனங்களுக்குக் கிடைத்த வரிச்சலுகை. எவ்வளவு மின்சாரம் உற்பத்தியானது என்பதைவிட எவ்வளவு பணம் போடப்பட்டது என்பதே சலுகையை நிர்ணயித்தது. இந்தியாவின் காற்றை அளக்கும் பணி அன்னா மாணியின் தலைமையில் 1980களிலேயே தொடங்கியிருந்தது. ஆனால் இயந்திரங்களைச் சோதிக்கும் தேசிய மையம் 1998இல்தான் சென்னையில் உருவானது. டென்மார்க் அரசின் உதவியோடும் ரிசோவின் தொழில்நுட்பத் துணையோடும் கயத்தாற்றில் சோதனை நிலையம் அமைந்தது. டென்மார்க்கில் சோதனை முதலிலும் மானியம் அடுத்தும் வந்தன. இங்கே சலுகை முன்னால் வந்தது. சோதனை பின்னால் வந்தது.

மதிப்பீடு

ஆராய்ச்சி மையங்களை ஆய்வுக்கட்டுரைகளின் எண்ணிக்கையாலும் காப்புரிமைகளாலும் அளப்பது வழக்கம். அந்த அளவுகோலால் ரிசோவின் மிக முக்கியமான பணி கண்ணில் படாது. உடையக்கூடிய ஓர் இயந்திரத்துக்கு அங்கீகாரம் மறுப்பது எந்தப் பட்டியலிலும் சாதனையாகப் பதிவாவதில்லை. ஆனால் அத்தகைய மறுப்புகளால்தான் வாங்குவோரின் நம்பிக்கை காக்கப்பட்டது. அரசு தன் மானியத்தை அந்த மறுப்போடு பிணைத்திராவிட்டால் ரிசோவின் சொல்லுக்கு வலிமை இருந்திருக்காது. நீடித்த ஆற்றலுக்கான எந்த ஆய்வு மையத்தை மதிப்பிடும்போதும், அது எதைக் கண்டுபிடித்தது என்பதோடு, தகுதியற்ற ஒன்றை மறுக்கும் உரிமை அதற்கு இருந்ததா என்பதையும் கேட்க வேண்டும்.